செம்மண் பள்ளத்தில் இறங்க அனுமதி கோருதல் – தொடர்பாக

வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இருபத்தேழாம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் எவரும் நுழையக்கூடாது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர் என்று சில விலக்குகள் உண்டு. அவற்றில் எதிலும் நான் வரவில்லை. எந்தக் காரணங்களுக்காக அனுமதி தரலாம் என்று இருபத்தெட்டாம் பிரிவு சொல்கிறது. சுற்றுலாவும் அதில் ஒன்று. முப்பத்தைந்தாம் பிரிவின் எட்டாம் உட்பிரிவு இவை இரண்டையும் தேசியப் பூங்காக்களுக்கும் நீட்டுகிறது. ஆகவே, தேசியப் பூங்கா ஒன்றுக்கு மனைவியோடு போய்வர நினைக்கும் ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் செய்ய வேண்டியது, எழுத்துமூலம் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது. இதில் பிழை ஒன்றும் கிடையாது. நான் விண்ணப்பித்த பூங்காவில் வனமும் இல்லை, உயிரினமும் இல்லை என்பதைத் தவிர.

திருவக்கரை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோயில்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஊரிலேயே கல்லாகிப்போன மரங்கள் படுத்துக் கிடக்கும் பூங்கா ஒன்றும் இருக்கிறது. இரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் என்கிறார்கள். பட்டையும் கணுவும் அப்படியே தெரியும், தட்டினால் கல். சுற்றிலும் மழை அரித்த செம்மண் பூமி. மேடும் பள்ளமுமாக, வாய்க்கால் வாய்க்காலாக, யாரோ கோபத்தில் நகத்தால் பிறாண்டிவிட்டது போல இருக்கும். பூங்காவின் பெயரில் ‘தேசிய’ என்ற சொல் வருகிறது. அரசாங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும். அதற்குப் பிறகு வரும் சொற்களை அவன் படிப்பதில்லை.

அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை இல்லை. என் மனைவி திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மண் அரிப்புப் பாடத்தில் சம்பல் பள்ளத்தாக்கு வரும். பாடநூலில் அதற்கு ஒரு படம் உண்டு: தபால்தலையைவிடச் சற்றுப் பெரியது, கறுப்பு மை அப்பியது, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று சொல்ல முடியாதது. அதைக் காட்டித்தான் வருடா வருடம் ஓடை எப்படி மண்ணைத் தின்னும், சின்னக் கீறல் எப்படிப் பள்ளம் ஆகும், கூழாங்கல்லின் அடியில் இருக்கும் மண் மட்டும் எப்படித் தூணாக நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பாள். ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து, “டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனதாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். பலமுறை சொன்னாள் என்பதிலிருந்தே அவள் அடுத்த பத்திக்குப் போகவில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

சம்பல் தூரம். ஆனால் அதன் தம்பி மாதிரி ஒன்று பக்கத்திலேயே கிடந்தது. நாங்கள் இருக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே அத்தனை வருடம் பஸ்ஸில் போய்வந்தவள், ஒரு நாள் கூட அங்கே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடைத்தாள் இருந்தது, மாவு அரைக்க வேண்டியிருந்தது, நான் இருந்தேன்.

போன புரட்டாசியில் டாக்டர் அவள் வலது முழங்காலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொங்கல் கழிந்ததும் மூட்டை மாற்றிவிடலாம் என்றார். பிறகு சமதரையில் நிம்மதியாக நடக்கலாம். ஆனால் சரிவில் இறங்குவது, மேட்டில் ஏறுவது, சம்மணம் போடுவது இதையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றார். திரும்பும்போது ஆட்டோவில் அவள் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்திருந்தாள். ரயில்வே மேம்பாலம் தாண்டியதும் சொன்னாள்:

“அதுக்கு முன்னாடி திருவக்கரையில அந்தச் செம்மண் பள்ளத்துல ஒரு தடவ எறங்கிடணுங்க. எறங்கி நிக்கணும். மேல நின்னு எட்டிப் பாக்கறதுக்கு புக்குல இருந்த படமே போதும்.”

சரி என்றேன். வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் அடுத்த ஞாயிறே ஒரு காரைப் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருப்பான். நான் கோப்புத் தொடங்கினேன்.

அட்டை, டேக், பொருள் எல்லாம் முறைப்படி. முதல் குறிப்பு வழித்தடம் பற்றியது. வளவனூர், திருக்கனூர் வழியாகப் போகலாம். அல்லது திண்டிவனம் போய் மயிலம் வழியாக வரலாம். இரண்டையும் சாலையின் நிலை, டீக்கடை, கழிப்பிட வசதி என்ற தலைப்புகளில் ஒப்பிட்டேன். இரண்டாவது வழி நீளம். ஆனாலும் அதைத்தான் பரிந்துரைத்தேன், ஏனென்றால் திண்டிவனத்தில் இருக்கும் அவளுடைய தோழியும் வருவதாக இருந்தார். அதே பள்ளியில் அறிவியல் எடுத்தவர். மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கை வைக்க மாட்டார். எனவே போகக்கூடிய நாட்கள் ஒவ்வொன்றுக்கும் சூரியன் மறையும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். பௌர்ணமி நாட்களைக் காரணம் காட்டி நீக்கினேன். தொப்பி, கைத்தடி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், முழங்கால் உறை என்று ஒரு குறிப்பு. கடைசியாகத்தான் அனுமதி விண்ணப்பம்.

அதில்தான் என் கை எனக்குத் துரோகம் செய்தது. பணியில் இருந்த காலம் முழுக்க, மேலிடத்துக்கு எழுதிய எந்தக் காகிதத்தின் தலையிலும் ‘தக்க வழியாக’ என்று போட்டே பழகியது. மேலதிகாரி பார்த்து, ஒப்பமிட்டு, அனுப்பி வைக்க வேண்டும் என்று பொருள். ஓய்வு பெற்றவனுக்கு மேலதிகாரி யார்? கை அதை யோசிக்கவில்லை. நானும் தட்டச்சுச் செய்து முடித்துப் படித்துப் பார்த்தபோது அது மிகச் சரியாக, மிக அழகாகவே தெரிந்தது. வனத்துறைக்கு முகவரியிட்டு, தக்க வழியாக, என் பழைய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தபோது மனைவியிடம் அதைக் காட்டினேன். முத்திரை தெளிவாக விழுந்திருப்பதையும் சுட்டிக்காட்டினேன்.

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் நான் பழக்கிவிட்ட பெண். புரியாத காகிதம் வந்தால் நிராகரிக்காதே, ஒரு கேள்வி கேட்டுத் திருப்பு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘மனுதாரருக்கும் இவ்வலுவலகத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவுபடுத்தப்பட வேண்டும்’ என்று ஓரத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. ஓய்வூதிய ஆணையின் நகலை இணைத்து விளக்கம் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரிட்டயர் ஆனவங்களுக்கு த்ரூ ப்ராப்பர் சேனல் ஏதுங்க சார்? அம்மாவ இட்டுக்கினு நீங்க பாட்டுக்கு போயிட்டு வாங்களேன்.”

வாய்மொழி அறிவுரை ஆணையாகாது என்று அவருக்கு நினைவூட்டினேன். அப்படியானால் வனத்துறைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். அனுப்பியும் விட்டார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழை எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஈரத்தில் செம்மண் வழுக்கும், எனவே தாமதம் நியாயமானது என்று கோப்பில் ஒரு குறிப்பு வைத்தேன். மழை விட்ட பிறகு நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். அதையும் தக்க வழியாகத்தான். நடுவில் வழியை மாற்றினால் கோப்புகள் குழம்பும்.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து சமையலறைக்கு ஏற ஒரு படி உண்டு. ஒரே படி. முன்பு அவள் அதைக் கவனிக்காமலே ஏறுவாள். ஐப்பசியில் நிலைக்கதவைப் பிடிக்க ஆரம்பித்தாள். கார்த்திகையில் இடது காலை வைத்து, நின்று, வலது காலைக் கையால் தூக்கி வைத்தாள். முதலில் தினமும் “இன்னா ஆச்சுங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், பிறகு வாரத்துக்கு ஒரு முறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தியதை நான் நடைமுறையின் மேல் அவளுக்கு வந்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கோப்பை எடுத்து வைத்து இரண்டாவது நினைவூட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

“மரம் கல்லாவறதுக்கு ரெண்டு கோடி வருஷம் ஆச்சாமே. ஒங்க பைலு அதுக்குள்ள ஆயிடும், இன்னா?” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. சிரிக்கவும் இல்லை.

மார்கழி பிறந்ததும் திண்டிவனத்துத் தோழியிடமிருந்து போன் வந்தது. அண்ணன் மகனின் கார் சும்மா நிற்கிறது, ஓட்டுநர் இருக்கிறார், வியாழக்கிழமை போகிறோம் என்று ஏற்பாடு. என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். நான் சட்டப்பிரிவுகளை விளக்கினேன். அனுமதியின்றி நுழைந்தால் சிறைத்தண்டனைக்கு இடம் உண்டு என்றும் சொன்னேன். மனைவி போனை ஒலிபெருக்கியில் போட்டு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். தோழி பொறுமையாகக் கேட்டார்.

“ஜெயிலு போனாலும் பரவாயில்லைங்க சார். பொழுது சாயறதுக்குள்ள சோறு போட்ருவாங்களான்னு மட்டும் கேட்டு ஒரு லெட்டர் போட்டு வைங்க.”

நானும் போனேன். பயணியாக இல்லை, கேட் வரை துணையாக. கோப்பையும் கையில் எடுத்துக்கொண்டேன். யாராவது கேட்டால் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும் அல்லவா? திண்டிவனம் வந்து தோழியையும் அவருடைய டிபன் கேரியரையும் ஏற்றிக்கொண்டு, மயிலம் தாண்டிப் போனோம். என் பின்னிணைப்பில் இருந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னேன். மூடியிருந்தது.

பூங்காவின் கதவு திறந்திருந்தது. நான் காரை விட்டு இறங்குவதற்குள் இரண்டு ஆசிரியைகளும் உள்ளே போய்விட்டார்கள், மனைவி என் கைத்தடியை ஊன்றிக்கொண்டு. கதவருகில் ஸ்டூலில் இருந்த காவலாளி என் கோப்பைப் பார்த்ததும் எழுந்து சட்டைப் பட்டனைப் போட்டார்.

“இன்ஸ்பெக்சனுங்களா சார்?”

இல்லை, பார்வையாளன், அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பதில் வரவில்லை, அதனால் வெளியே நிற்கிறேன் என்றேன். அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். தொறந்துதானேங்க கீது என்றார். பிறகு, பெரிய இடத்து விவகாரம் ஏதோ இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டவர் போல, அவர் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். நாங்கள் இருவரும் திறந்த கதவைக் காவல் காத்தோம். ஓர் ஆட்டு மந்தை எங்களைத் தாண்டி உள்ளே போனது. எந்த ஆடும் விண்ணப்பித்திருக்கவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது தோழி தனியாகத் திரும்பி வந்தார். வேகமாக வந்தார்.

“சார், டீச்சர் பள்ளத்துல எறங்கிட்டாங்க. ஏறத்துக்கு முடியல. முட்டி பிடிச்சுக்கிச்சு. ஜல்தி வாங்க.”

அவசர நேரத்தில் முன் அனுமதியின்றிச் செய்ததற்குப் பின்னேற்பாணை பெற்றுக்கொள்ளலாம். அந்த விதி எனக்குத் தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால், அது எனக்கு நினைவுக்கு வந்தபோது நான் ஏற்கெனவே உள்ளே பாதி தூரம் போயிருந்தேன். கோப்பைக் காவலாளியின் கையில் திணித்தது மட்டும் ஞாபகம்.

கல்மரங்களைத் தாண்டி நிலம் திடீரென்று உடைந்தது. கீழே செம்மண் வாய்க்கால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. மேலிருந்து பார்த்தால் ஆழம் பெரிதாகத் தெரியவில்லை, இறங்கினால்தான் தெரிந்தது. சரிவெங்கும் சரளை. நான் நின்றபடி இரண்டடி இறங்கினேன். மீதியை உட்கார்ந்தபடி இறங்கினேன், விரும்பி அல்ல. வெள்ளைப் பேண்ட் அணிந்து போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடை பற்றிக் குறிப்பு எழுத மறந்திருந்தேன்.

அவள் பள்ளத்தின் அடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வலி இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் காலடியில் விரல் உயரம், சாண் உயரம் என்று மண்தூண்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல், குடை பிடித்தது போல.

“நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் சரிதாங்க,” என்றாள். “இத்தினி வருஷமா உள்ள ஒரு சந்தேகம் இருந்துக்கினே இருந்துச்சு.”

இதற்கு எனக்கு விதி எதுவும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு கீறலைக் காட்டி, இது போன மழையில் வந்தது, அடுத்த மழைக்கு ஓடை ஆகிவிடும் என்றாள். ஒரு தூணின் கல்லைத் தொடப்போனேன், கையைத் தட்டிவிட்டாள். அதை எடுத்தால் அடுத்த மழையில் தூண் போய்விடுமாம். வகுப்பில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மேலிருந்து தோழி குரல் கொடுத்தார். சூரியன் இறங்குகிறது, டீச்சரை ஏற்றி, காரில் உட்கார்த்தி, அப்புறம் சாப்பிடுவதென்றால் தனக்கு இன்று பட்டினிதான் என்றார். பஞ்சாங்கத்திலிருந்து நான் எடுத்த நேரம் கோப்பில் இருந்தது. கோப்பு காவலாளியிடம் இருந்தது. தோழி வானத்தைப் பார்த்துவிட்டு, கேரியரைத் தோளில் மாட்டிக்கொண்டு தானே இறங்கிவிட்டார். அவருக்கு முட்டி நன்றாக இருந்தது. மூவரும் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, மல்லாட்டைச் சட்னியோடு இட்லி சாப்பிட்டோம். சட்னியில் கொஞ்சம் செம்மண். தோழி கடைசி வாய் விழுங்கித் தண்ணீர் குடித்தபோது சுவரின் மேல் விளிம்பில் மட்டும் வெயில் மிச்சம் இருந்தது.

ஏறிய விதத்தை எந்த ஆவணத்திலும் பதிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். அவள் சரிவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்புறமாக ஏறினாள். நல்ல காலை என் தோள் மேல் வைத்து உந்தினாள். நான் படியாக இருந்தேன். என் முட்டிகளும் புதியவை அல்ல. மேலே காவலாளி ஒரு கையை நீட்டினார். மறு அக்குளில் கோப்பை விடாமல் வைத்திருந்தார். கடைசியில் அவளை மேலே இழுத்து நிறுத்தியதும், அதை என்னிடம் இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

திரும்பும்போது யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே காரியம் முடிந்துவிட்ட நிலையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாமே என்றாள் மனைவி. அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றேன். அதுவும் தக்க வழியாகத்தான் போக வேண்டும். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்து ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. முதலில் வாக்கர், பிறகு அதே கைத்தடி. நான் உடற்பயிற்சிக்கு அட்டவணை போட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, பிசியோதெரபி பெண் சொன்னபடி செய்தாள்.

வனத்துறையிலிருந்து பதில் வந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மேற்படி பூங்கா இச்சட்டத்தின் கீழ் வரும் தேசியப் பூங்கா அல்ல, அங்குள்ள மரங்கள் புதைபடிவங்கள், இவ்வலுவலக அனுமதி தேவையில்லை, மனு முடிக்கப்பட்டது. நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க மாட்டேன். பூங்காவின் பெயரை மட்டும் முழுவதும் படித்திருந்தால், இந்த நான்கு வரிகளைப் புரட்டாசியிலேயே எனக்கு நானே எழுதிக்கொண்டிருக்கலாம்.

தபால்காரர் மணி அடித்தபோது நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தேன். அவள் கைத்தடி இல்லாமல் வந்தாள். வாசற்படியில் நின்றாள். எதையும் பிடிக்காமல் வலது காலை முதலில் இறக்கினாள், பிறகு இடதை. கேட் வரை நடந்து, கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நான் கீழே வந்தபோது கவர் என் மேஜையில், பிரிக்கப்படாமல் இருந்தது. படியில் எப்படி இறங்கினாய் என்று கேட்டேன். காலாலதான் என்றாள்.

வந்த தபாலின் மூலையில் தேதி போடுவது என் வழக்கம். அன்று அவளே போட்டிருந்தாள், என்னைப் போல எண்ணில் அல்ல, திருநாளை வைத்து எண்ணும் அவள் கணக்கில்: மாசி மகத்துக்கு மறுநாள்.